வளைத்த மரத்தில் ஒரு பழைய நாற்காலி: இது என்ன, எங்கிருந்து தொடங்குவது?

கிழக்குஜன்னல்:

அனைவருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்கே வாசிப்பதோடு சரி. இப்போது கேட்பதற்கு ஒரு விஷயம் கையில் வந்து சேர்ந்திருக்கிறது.

பழைய சாமான் விற்பவர் ஒருவரிடம் ஒரு நாற்காலி வாங்கினேன். "அசல் தேக்கு, நூறு வருஷம் தாண்டினது" என்று சொல்லித்தான் கொடுத்தார். நூறு வருஷம் உண்மையாக இருக்கலாம். தேக்கு என்பதை நான் நம்பவில்லை. அவர் கடையில் இருந்த எல்லாமே தேக்குதான்.

பின்கால்களும் முதுகும் சேர்ந்து ஒரே கம்பு. ஒரு காலிலிருந்து மேலே போய் வளைந்து மறு காலாக இறங்குகிறது. அதற்குள்ளே இன்னொரு சின்ன வளைவு. உட்காரும் இடம் வட்டமான ஒரு சட்டம். கால்களைச் சேர்த்துப் பிடிக்கக் கீழே இன்னொரு வளையம். மூலை என்று ஒன்று எங்குமே இல்லை.

குறைகள்: மேலிருந்து கீழ்வரை தடித்த கறுப்புப் பெயிண்ட். அது உரிந்த இடங்களில் இளம்பச்சை தெரிகிறது, அதற்கும் கீழே ஏதோ பழுப்பு. உட்காரும் இடத்தில் யாரோ பிளைவுட்டை வட்டமாக வெட்டி ஆணி அடித்திருக்கிறார்கள். கவிழ்த்துப் பார்த்தால் சட்டத்தைச் சுற்றிலும் வரிசையாகத் துளைகள். சட்டத்தின் பக்கவாட்டில் சாய்வாக ஒரு நீள விரிசல், விரல் நகம் உள்ளே போகிறது. உட்கார்ந்தால் முன்கால்கள் ஆடுகின்றன. ஒரு முன்காலின் அடியில் குண்டூசித் தலை அளவுக்குச் சில ஓட்டைகள்.

சட்டத்தின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, பாதி கிழிந்துவிட்டது. பெயிண்ட் அடித்தவர் நல்லவேளையாக அந்த இடத்தில் சோம்பேறித்தனம் காட்டியிருக்கிறார். மேல் வரியின் கடைசியில் ஓ, எச், என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். கீழ் வரியில் எம், யூ, என், அதற்குப் பிறகு கிழிசல். இணையத்தில் தேடினால் தோனெட் என்ற பெயர் வருகிறது. அந்தப் பெயரிலும் ஓ, எச், என் எல்லாம் இருக்கிறது. அதுதானா இது?

கேள்விகள் இவைதான்: இது என்ன மரம், யார் செய்தது, விரிசலை என்ன செய்வது, பெயிண்ட்டை எப்படி எடுப்பது. பிளைவுட்டை எடுத்துவிட்டுப் பிரம்பு பின்ன முடியுமா? வீட்டில் தவழ்கிற குழந்தை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.


தேய்த்துமுடி:

சகோ, இவ்வளவு யோசிக்க இதில் ஒன்றும் இல்லை. சாண்டிங் மெஷினில் 80 நம்பர் தாள் போட்டு மரம் தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். விரிசலுக்கு எபாக்ஸி ஊற்றிப் பட்டி பார்த்துவிடலாம். கால் ஆடினால் உள்ளே எல் ஆங்கிள் வைத்து நான்கு ஸ்க்ரூ. கடைசியில் பளபளப்பாக பியூ (பாலியூரிதேன்) ஸ்ப்ரே அடித்தால் புத்தம் புதுசாகிவிடும். நான் எல்லா நாற்காலிக்கும் இதைத்தான் செய்கிறேன்.


மூட்டுவைத்தியர்:

மெஷினைத் தொடாதீர்கள் அம்மா. தேய்த்துமுடி தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், புது மேசைக்கு உங்கள் வழி சரி. இந்த நாற்காலிக்கு அதில் ஒன்றுகூட ஆகாது. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். நீங்கள் எழுத்துகளை வரிசையாக எழுதியது நல்லதாயிற்று. ஆங்கிலத்தில் தோனெட் என்று எழுதினால் எச் முதலில் வரும், ஓ பிறகு. உங்கள் தாளில் ஓ முதலில், எச் பிறகு, என்னோடு சொல் முடிகிறது. அப்படி முடிகிற பெயர் இந்தத் தொழிலில் ஒன்று உண்டு: கோன். ஜேகப் அண்ட் ஜோசப் கோன், வியன்னாக்காரர்கள், தோனெட்டுக்கு நேர் போட்டி. கீழ் வரியில் எம், யூ, என் என்றால் அது முண்டஸ் ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். சின்னச் சின்ன வளைமரக் கம்பெனிகள் பலவற்றைச் சேர்த்து 1907-இல் உண்டான கூட்டு நிறுவனம் அது. கோன் அதில் 1914-இல் இணைந்தது. தோனெட்டும் 1922-இல் வந்து சேர்ந்தது. ஆக இரண்டு பெயரும் ஒரே தாளில் இருந்தால் அந்தத் தாள் 1914-க்கு முந்தையது அல்ல. தோனெட் பெயர் இல்லாவிட்டால் 1922-க்கு முந்தையது என்றும் சொல்லலாம், ஆனால் உங்கள் தாளில் பாதி போய்விட்டது. கிழிந்த பாதியில் மூன்றாவது பெயர் இருந்ததா என்று யாரைக் கேட்பது? அதனால் மேல் எல்லையை விட்டுவிட்டு, கீழ் எல்லையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

தோனெட் இல்லையே என்று வருத்தப்படாதீர்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் உங்கள் நாற்காலியின் மூட்டுகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதும் புரியும். மைக்கேல் தோனெட் 1796-இல் ரைன் நதிக்கரையில் போப்பார்ட் என்ற ஊரில் பிறந்தவர். ஆரம்பத்தில் மெல்லிய மரத்தகடுகளைப் பசையில் வேகவைத்து, அடுக்கி வளைத்துத்தான் நாற்காலி செய்தார். ஈரக்காற்று அடிக்கிற நாடுகளுக்குக் கப்பலில் போனதும் அந்தப் பசை விட்டுக்கொண்டது. அதனால் பசையே இல்லாமல் முழுக் கம்பையே வளைக்க வழி தேடினார். 1856-இல் அதற்கு வியன்னாவில் உரிமம் கிடைத்தது. 1859-இல் வந்ததுதான் 14-ஆம் எண் நாற்காலி. ஆறு மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு, அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும். போய்ச் சேருகிற இடத்தில் பூட்டிக்கொள்ளலாம். 1869-இல் உரிமம் காலாவதியானதும் கோன் மாதிரியான மற்றவர்களும் அதே முறையில் இறங்கினார்கள். உங்கள் நாற்காலியும் அந்த வம்சம்தான்.

கம்பை வளைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீராவியில் நன்றாக வெந்த மரத்தை நீளவாக்கில் அழுத்தினால் நிறையவே சுருங்கிக் கொடுக்கும், இழுத்தால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குகூட நீளாது, பிளந்துவிடும். வளைவின் வெளிப்பக்கம் இழுபடுகிற பக்கம். தோனெட் அந்தப் பக்கத்தில் ஒரு எஃகுப் பட்டையை வைத்து இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டினார். பட்டை நீளாது, அதனால் மரமும் நீள முடியாது. மொத்த மரமும் உள்பக்கமாகச் சுருங்கியே வளைய வேண்டும். இதற்குத் தோதான மரம் பீச். நேர் நார், கணு குறைவு, வெந்தால் சொன்ன பேச்சைக் கேட்கும். தேக்கு இதற்கு லாயக்கில்லை.

பீச்தானா என்று நீங்களே பார்க்கலாம். பிளைவுட்டுக்கு அடியில் யார் கண்ணிலும் படாத இடத்தில் பிளேடால் கொஞ்சம் சுரண்டுங்கள். வெளிறிய இளம்பழுப்பு மரம், அதில் சில மில்லிமீட்டர் நீளத்தில் கரும்பழுப்புக் கீற்றுகள் ரேகையோடு சேர்ந்து சிதறிக் கிடந்தால் பீச். தேக்கென்றால் பொன்பழுப்பு, தொட்டால் எண்ணெய்ப்பசை, சுரண்டினால் தோல் வாசனை வரும்.

அடுத்து அந்த விரிசல். எனக்கு அது விரிசல் மாதிரித் தெரியவில்லை. வட்டச் சட்டம் என்பது ஒரே கம்பை வளைத்து, இரண்டு முனைகளையும் எழுதுகோல் சீவுகிற மாதிரிச் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியது. ஆக இந்த நாற்காலியில் பசையை நம்பியிருக்கிற முக்கியமான இடமே அதுதான். நீங்கள் பார்ப்பது அந்தச் சேர்ப்பு வாய் திறந்திருப்பதை. பார்த்துச் சொல்லுங்கள்: பிளவின் ஓரம் நேராக, சீவினது போல இருக்கிறதா, இல்லை நார் நாராகக் கிழிந்திருக்கிறதா? நேராக இருந்தால் பயமே இல்லை.

தம்பி சொன்ன எபாக்ஸியை அங்கே ஊற்றினால் இனி யாராலும் அதைத் திறக்க முடியாது. பழைய பசை உள்ளே இருக்க, அதன்மேல் ஊற்றுகிற எந்தப் பசையும் மரத்தைப் பிடிக்காமல் பழைய பசையைத்தான் பிடிக்கும். பழைய பசை உதிர்ந்தால் எபாக்ஸியும் அதோடு கழன்று வரும். எல் ஆங்கிள் அதைவிட மோசம். வட்டமான காலில் தட்டையான இரும்பை வைத்து ஸ்க்ரூ போட்டால் ஆட்டம் அப்படியே இருக்கும், மரம்தான் பிளக்கும்.

முன்கால்களைக் கழற்றும்போது கவனம் தேவை. இந்த வகையில் சில நாற்காலிகளில் காலின் தலையில் மரத்திலேயே மரை வெட்டியிருப்பார்கள். சட்டத்திலும் அதற்கேற்ற மரைத் துளை இருக்கும். கொட்டாப்புளியால் தட்டி எடுக்கப் பார்த்தால் மரை சிதறிவிடும். முதலில் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருகிப் பாருங்கள்.

ஸ்க்ரூக்கள் எப்படி இருக்கின்றன? ஒற்றைக் கோடு போட்ட தலையா, ஸ்டார் தலையா? ஹென்றி பிலிப்ஸின் ஸ்டார் ஸ்க்ரூ 1930-களில்தான் வந்தது. அது இருக்கிற இடமெல்லாம் பிற்காலத்தில் கை வைத்த இடம். கோடு போட்ட ஸ்க்ரூக்களை ஒன்றுகூடத் தூக்கிப் போடாதீர்கள். துருப்பிடித்து வராவிட்டால் முதலில் கோட்டுக்குள் இருக்கிற பெயிண்ட்டைச் சுரண்டி எடுங்கள். கோட்டின் முழு அகலத்துக்கும் பொருந்துகிற திருப்புளியை எடுங்கள். சூடான சால்டரிங் அயர்னை ஸ்க்ரூ தலைமேல் சற்று நேரம் வைத்து, ஆறவிட்டு, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு இழை திருப்பிவிட்டு, பிறகு தளர்த்துங்கள். எந்த ஸ்க்ரூ எந்தத் துளையிலிருந்து வந்தது என்று அட்டையில் குத்தி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பெயிண்ட். இது மட்டும் அவசரம். கறுப்புக்கு அடியில் ஒரு பழைய இளம்பச்சை இருக்கிறது என்கிறீர்கள், குழந்தையும் இருக்கிறது என்கிறீர்கள். பழைய பெயிண்ட் என்றாலே ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். காய்ந்த தாளால் தேய்க்கவே கூடாது. ஹீட் கன்னும் வேண்டாம், சூடு ஏறினால் ஈயம் புகையாகவே கிளம்பும். ஈயம் சோதிக்கிற கிட் கிடைக்கும். மூன்று அடுக்கும் தெரிகிற மாதிரிச் சாய்வாக ஒரு கீறல் போட்டு அதில் சோதியுங்கள். முடிவு தெரியும்வரை நாற்காலி குழந்தை போகாத அறையில் இருக்கட்டும், உதிர்ந்த சில்லுகளை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பெருக்காதீர்கள்.

இவற்றைப் பார்த்து எழுதுங்கள். அதற்குள் பெயிண்ட் ரிமூவர் எதுவும் வாங்கிவிட வேண்டாம்.


தேய்த்துமுடி:

ஈய விஷயம் எனக்கும் தெரியும் அண்ணா, மாஸ்க் போட்டுக்கொண்டுதான் தேய்ப்பேன். ஆனாலும் ஒரு சாதாரண நாற்காலிக்கு இவ்வளவு மரியாதையா? லட்சக்கணக்கில் அச்சில் வார்த்த மாதிரிச் செய்து தள்ளியதுதானே?


மூட்டுவைத்தியர்:

லட்சம் அல்ல தம்பி, 14-ஆம் எண் மட்டும் 1930-க்குள் 5 கோடி போயிருக்கிறது என்பார்கள். அபூர்வமான பொருள் என்று நான் சொல்லவே இல்லை. இந்த நாற்காலியில் கம்புகள் மெல்லியவை, சில இடங்களில் கட்டைவிரல் பருமன்தான். உங்கள் 80 நம்பர் தாள் அந்த உருண்டையைத் தட்டையாக்கிவிடும். அப்புறம் எந்தப் பளபளப்பைப் போட்டாலும் வெளிச்சத்தில் பள்ளமும் மேடும் தெரியும். மாஸ்க் உங்களுக்குச் சரி. தூசி தரையில் கிடக்கும், தவழ்கிற குழந்தைக்கு மாஸ்க் இல்லை.


கிழக்குஜன்னல்:

எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். நன்றி ஐயா.

மரத்தைச் சுரண்டினேன், வெளிறிய நிறம். அதில் எள்ளைத் தூவிவிட்டு லேசாகத் தேய்த்தாற்போலப் பழுப்புக் கீற்றுகள். வாசனை ஒன்றும் இல்லை. விற்றவரிடம் சொல்லப்போவதில்லை, அவர் தேக்கோடு சந்தோஷமாக இருக்கட்டும்.

பிளவின் ஓரம் நேராகத்தான் இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி ஏதோ காய்ந்து கிடக்கிறது. ஊசியால் குத்தினால் பொடியாக உடைகிறது.

ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவை ஒற்றைக் கோடு. கீழ் வளையத்தில் ஒன்று மட்டும் ஸ்டார்.

ஈயம்: கறுப்பில் இல்லை, பச்சையில் இருக்கிறது. சோதித்த இடம் உடனே நிறம் மாறிவிட்டது. நாற்காலி இப்போது பூட்டிய அறையில்.

முன்கால் ஓட்டைகளுக்கு அடியில் கறுப்புத் தாள் விரித்து வைத்தேன், இதுவரை ஒன்றும் விழவில்லை. இதை இங்கேயே பழைய பதிவொன்றில் படித்தேன்.

இன்னொன்று: அந்தத் தாளின் ஓரம் ஒரு இடத்தில் தூக்கிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் மரம் செம்பழுப்பாக, கிட்டத்தட்ட கறுப்புக்குப் பக்கத்தில், லேசான மினுமினுப்போடு இருக்கிறது. அதுதான் முதல் நிறமா?


பிரம்புமுடி:

பிரம்பு பற்றி நான் சொல்கிறேன். சட்டத்தைச் சுற்றித் தனித்தனித் துளைகள் இருக்கிறது என்றால் கையால் பின்னியது. துளையே இல்லாமல் ஒரு பள்ளம் மட்டும் சுற்றி ஓடினால் அது ஆயத்தப் பின்னலைப் பதித்து மேலே குச்சி அடித்தது. உங்களுடையது முதல் வகை, கட்டாயம் திரும்பப் பின்னலாம்.

அளவு எடுங்கள்: துளையின் விட்டம், ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவரை எவ்வளவு. 13 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் 2.25 அல்லது 2.5 மில்லிமீட்டர் அகலப் பிரம்பு. 19 என்றால் 3. இதில் தப்பு செய்தால் பின்னலின் கண்கள் அடைத்துப்போகும், அல்லது வலை மாதிரித் தொளதொளவென்று நிற்கும்.

பின்னல் ஏழு கட்டம். முன்னும் பின்னுமாக ஒரு ஓட்டம், அதன்மேல் குறுக்காக ஒன்று, திரும்ப முன்பின்னாக ஒன்று. இதுவரை பின்னலே கிடையாது, மேலே மேலே போடுவதுதான். நான்காவது குறுக்கோட்டத்தில்தான் மேலும் கீழுமாக நெய்ய ஆரம்பிப்பது. அது முடிந்ததும் கண்கள் சதுரமாக நிற்கும். ஐந்தும் ஆறும் மூலைவிட்டங்கள், அதில்தான் எண்கோணக் கண் விழும். ஏழாவது விளிம்புக் கட்டு. வட்டச் சட்டத்தில் ஓரங்களில் எந்தத் துளையைத் தாண்டிப் போவது என்பதுதான் தலைவலி. முன்பின் நடுத்துளையைக் கண்டுபிடித்து அங்கிருந்து இருபக்கமும் போனால் கோடுகள் இணையாக நிற்கும்.

பிரம்பை வெந்நீரில் கால் மணி, இருபது நிமிடம் ஊறப்போட்டால் போதும். ராத்திரி முழுக்கப் போட்டால் நிறம் கறுத்துவிடும். பளபளப்பான பக்கம் மேலே. ஆரம்பத்தில் இறுக்கி இழுக்காதீர்கள், காயும்போது தானே இறுகும். முதல் இரண்டு ஓட்டத்தையும் வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டுகிறவர்கள் ஆறாவது ஓட்டத்தில் ஊசி நுழையாமல் திண்டாடுவார்கள்.

பிளைவுட் ஆணிகள் இரண்டு துளைகளுக்கு நடுவே இறங்கியிருந்தால் அங்கே மரம் பிளந்திருக்கும். ஆணியைப் பிடுங்கிய ஓட்டையில் மெல்லிய மரக்குச்சியைப் பசையோடு செருகி நிரப்பிவிட்டுத்தான் பிரம்பைத் தொட வேண்டும். எல்லாப் பிரம்பும் ஈரம் காய்ந்து ஒன்றாக இழுக்கும்போது அந்த வளையம் தாங்கும் பாரம் கொஞ்சநஞ்சம் அல்ல. சேர்ப்பு சரியாக ஒட்டாமல் பின்னினால் நடுராத்திரியில் டப்பென்று சத்தம் கேட்கும். கேட்டவர்களைத் தெரியும்.


மூட்டுவைத்தியர்:

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். ஆம், தாளுக்கு அடியில் இருப்பது முதல் பூச்சு. அதற்குமேல் யாரும் தொடவில்லை. அந்தக் காலத்தில் பீச்சை பீச்சாகவே விற்கவில்லை. ரோஸ்வுட், மகோகனி, வால்நட் என்று பெரிய மரங்களின் சாயலில் சாயம் ஏற்றித்தான் விற்றார்கள். கருங்காலி மாதிரிக் கறுப்பும் உண்டு. உங்களுடையது ரோஸ்வுட் சாயமாக இருக்கலாம். ஆகவே "மரத்தின் இயற்கை நிறம்" வரும்வரை போகக் கூடாது. சாயத்தோடு நிறுத்த வேண்டும்.

தாளை இப்போதே பத்திரப்படுத்துங்கள். தூக்கிய ஓரத்தை ஒட்டாதீர்கள், டேப் வேண்டவே வேண்டாம். அளவாக வெட்டிய பாலியஸ்டர் ஃபிலிமை மேலே வைத்து, அதைச் சுற்றியுள்ள மரத்தில் மட்டும் பிடிக்கிற மாதிரி மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாக நிறுத்துங்கள். அந்த இடத்தைச் சுற்றி ஓர் அங்குலத்துக்கு எந்தத் திரவமும் போகக் கூடாது. அங்கே பெயிண்ட் இருந்தாலும் இருக்கட்டும், கவிழ்த்தால்தானே தெரியும்.

பச்சையில் ஈயம் இருப்பதால் ரிமூவர்தான் வழி. ஜெல் வகை. வாங்கும்போது டைகுளோரோமீத்தேன் கலந்ததைத் தவிர்த்துவிடுங்கள். மூடிய குளியலறைகளில் வைத்து வேலை செய்து உயிரை விட்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2019-லேயே வீட்டு உபயோகத்துக்கு விற்பதை நிறுத்திவிட்டார்கள். பென்சைல் ஆல்கஹால் அடிப்படையில் வருவது மெதுவாக வேலை செய்யும், நமக்கு அவசரமில்லை. பூசி, மேலே பிளாஸ்டிக் உறை சுற்றி, ஈரம் காயாமல் ஊறவிட்டால் தோலாக உரியும். இரும்புச் சுரண்டி வேண்டாம். பிளாஸ்டிக் தகடு, வளைவுகளுக்குச் சணல் கயிறு. உரித்ததை எல்லாம் ஒரு பையில் கட்டி, ஈயக் கழிவு என்று எழுதி, அபாயக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையில் அதற்குரிய உறை. குழந்தையைத் தூக்குவதற்கு முன் உடையையும் மாற்றிவிடுங்கள்.

பச்சை போனதும் அடிப்பழுப்பின்மேல் ஒரு சோதனை. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து மறைவான இடத்தில் வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் பிசுபிசுத்தால் ஷெல்லாக், அதாவது நம் அரக்குப் பூச்சு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், அது மரச்சாமான்களில் பரவியது 1920-களுக்குப் பிறகுதான். இரண்டுக்கும் அசையவில்லையென்றால் எண்ணெய் வார்னிஷ். ரிமூவர் பாதியைக் கொண்டுபோயிருக்கும் என்றாலும் மூலைகளில் மிச்சம் இருக்கும், அது போதும் சோதிக்க.

இனி சேர்ப்பு. நீங்கள் சொன்ன தேன் நிறக் கண்ணாடிதான் வஜ்ஜிரம், விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. எனக்குப் பிடித்த பசை அதுதான், ஏனென்றால் அது பிடிவாதம் பிடிக்காது. சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும், புதுசாகப் பூசினால் பழையதோடு கலந்து ஒன்றாகிவிடும். ஊசி போடுகிற சிரிஞ்சில் வெந்நீரை எடுத்துச் சேர்ப்பின் வாய்க்குள் செலுத்துங்கள். மெல்லிய தகடு ஒன்றை உள்ளே விட்டு மெதுவாக அசைத்துக்கொடுங்கள். கரைந்து வெளியே வருவதைத் துடைத்துக்கொண்டே இருங்கள். சேர்ப்பு முழுசாகத் திறந்துகொண்டால் இன்னும் நல்லது. திறக்க மறுத்தால் கட்டாயப்படுத்த வேண்டாம், உள்ளே பிடித்திருக்கிற பகுதி அப்படியே இருக்கட்டும்.

புது வஜ்ஜிரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து 60 டிகிரி வாக்கில் உருக்குங்கள். கொதித்தால் பலம் போய்விடும். சட்டத்தையும் லேசாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள், குளிர்ந்த மரத்தில் பசை உடனே ஜெல்லியாகிவிடும். பூசியதும் கிளாம்ப் தேட வேண்டாம். வட்டத்தில் அது வழுக்கும். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதன்மேல் அழுத்தும், பசை ஓரத்தில் முத்து முத்தாகப் பிதுங்கினால் போதுமான இறுக்கம். ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள்.

வரிசை இதுதான்: பிளைவுட், ஆணி, பிரிப்பது, ரிமூவர், சேர்ப்பு, திரும்பப் பூட்டுவது, பூச்சு. பிரம்பு கடைசியில். பின்னிய பிறகு பூச்சு அடித்தால் துளைக்குத் துளை சொட்டு நிற்கும்.

பூச்சுக்கு ஷெல்லாக் செதில் வாங்கி, ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் கணக்கில் தேவையானதை மட்டும் கரையுங்கள். கரைத்து மாதக்கணக்கில் வைத்தது சரியாகக் காயாது. சந்தேகம் வந்தால் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் விரலில் ஒட்டினால் கொட்டிவிடலாம். மெல்லிய பூச்சாகப் பல தடவை. சாயம் போன இடங்களில் மட்டும் ஷெல்லாக்கிலேயே கொஞ்சம் ஸ்பிரிட் சாயம் கலந்து தொட்டுக்கொள்ளலாம். எண்ணெய்ப் பூச்சுதான் வேண்டும் என்று யாராவது சொல்லி ஆளி விதை எண்ணெய்க்குப் போனால் ஒரு எச்சரிக்கை: துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.

பூச்சி ஓட்டை பழசாக இருக்கலாம். கறுப்புத் தாளை இன்னும் சில மாதம் விட்டுவையுங்கள். வண்டு வெளியே வருவது ஒரு பருவத்தில்தான், இன்று பொடி இல்லை என்பதால் உள்ளே ஆள் இல்லை என்று ஆகிவிடாது. ரிமூவர் போட்டு மரம் வெறுமையாக இருக்கும்போதே போராக்ஸ் வகை மருந்தை ஓட்டைகளிலும் காலின் அடிவெட்டிலும் ஊறவிடுவது சுலபம். பூச்சுக்குப் பிறகு அது உள்ளே இறங்காது.


தேய்த்துமுடி:

சைக்கிள் டியூப் நல்ல யோசனை அண்ணா, திருடிக்கொள்கிறேன். பியூ பற்றி மட்டும் நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை. சூடான டம்ளர் வைத்தால் ஷெல்லாக்கில் வெள்ளை வளையம் விழுமே?


மூட்டுவைத்தியர்:

விழும், ஒத்துக்கொள்கிறேன். சாப்பாட்டு மேசை என்றால் நானே உங்கள் பக்கம் வந்துவிடுவேன். நாற்காலியில் டம்ளர் வைப்பவர் குறைவு. விழுந்தாலும் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு ஓட்டம் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். பியூ கீறினால் மொத்தத்தையும் உரிக்க வேண்டும்.


கிழக்குஜன்னல்:

பிளைவுட்டை எடுத்துவிட்டேன். ஆணிகளில் இரண்டு மட்டும் துளைகளுக்கு நடுவே இறங்கியிருக்கிறது, மற்றவை ஓரத்தில். துளை இடைவெளி 13 மில்லிமீட்டர், விட்டம் 5-க்குக் கொஞ்சம் குறைவு. 2.5 வாங்கலாமா?

முன்கால் திருகியதும் வந்தது, மரத்திலேயே வெட்டிய மரைதான். ஒரு காலில் முழுசாக இருக்கிறது. இன்னொன்றில் மேல் இரண்டு சுற்று தேய்ந்துபோய், இடைவெளியை நிரப்ப யாரோ நூல் சுற்றியிருக்கிறார்கள். ஆட்டத்துக்குக் காரணம் அந்தக் கால்தான். அதையும் வஜ்ஜிரத்தாலேயே நிறுத்திவிடலாமா, இல்லை மரையைப் புதிதாக வெட்ட வேண்டுமா?


பிரம்புமுடி:

முதல் தடவை பின்னுகிறவருக்கு 2.25 வாங்குங்கள். மூலைவிட்டம் ஓட்டும்போது துளையில் இடம் இருக்கும். விளிம்புக் கட்டுக்கு மட்டும் அதைவிட அகலமான பட்டை தனியாக வரும், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.


மூட்டுவைத்தியர்:

வெட்ட வேண்டாம். நூலை எடுத்துவிட்டு, தேய்ந்த சுற்றுகளின்மேல் இழைப்புளியில் வருகிற மெல்லிய பீச் சுருளை வஜ்ஜிரத்தில் நனைத்து, மரை போகிற திசையிலேயே சுற்றி ஒட்டுங்கள். காய்ந்ததும் முக்கோண அரத்தால் பள்ளத்தை லேசாகத் திறந்து, கையால் திருகிப் பாருங்கள். கடைசி அரைச் சுற்றில்தான் இறுக வேண்டும். அதற்கு முன்பே இறுகினால் இன்னும் கொஞ்சம் அராவுங்கள், முறுக்கி ஏற்றினால் சட்டம் பிளக்கும். சரியாக உட்கார்ந்த பிறகு வஜ்ஜிரம் ஒரு தொடுதல் போதும். நல்ல காலுக்குப் பசையே வேண்டாம், மெழுகு தேய்த்துத் திருகிவிடுங்கள்.

அந்த ஸ்டார் ஸ்க்ரூவுக்குப் பதில் அதே பருமனில் ஒற்றைக் கோட்டு இரும்பு ஸ்க்ரூ கிடைத்தால் மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் அதுவே இருக்கட்டும், நன்றாகத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறது.